தேறாத டார்ச்

கழுத்தைப் பிடித்து ஒரு திருகு திருகினார் ஹார்கர். தலை கையோடு வந்துவிட்டது.

"இதுக்குப் பேரு டார்ச்சா?" என்றார். யார்க்‌ஷர் மலைமேட்டில், குகை வாய்க்குப் பக்கத்தில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. கேட்க வேண்டும் என்றுதானே அந்த மனிதர் பேசுவதே!

பொழுதுபோக்காகக் குகைகளுக்குள் இறங்கிப் பார்ப்பவர்களின் மன்றத்தில் விளக்குச் சோதனை அவர் பொறுப்பு. அவர் தலையாட்டாமல் யாரும் உள்ளே இறங்க முடியாது. மற்றவர்கள் உடுப்பில் வருஷக்கணக்கான சேறு ஏறிக் கிடக்க, அவருடையது மட்டும் இப்போதுதான் கடையில் வாங்கியது போலப் பளபளக்கும். அத்தனை திமிர்.

எதிரே நின்ற நெவிலுக்கு முகம் சிவந்துவிட்டது. ஏற்கெனவே இரண்டு சனிக்கிழமை தள்ளப்பட்டவர். இன்றும் தள்ளினால் மன்றத்தில் இடம் கிடையாது. அவர் மனைவி ஜூடித்தோ போன மாதமே உறுப்பினர் ஆகிவிட்டாள்.

"உடம்பு ஒரு கம்பெனி, தலை வேற கம்பெனி, சுவிட்சு எவனோ ஒருத்தன் செஞ்சது. ஏம்ப்பா, இது டார்ச்சா, சந்தைக்கடையா?"

"எல்லாம் அளவு பாத்து வாங்கினதுங்க. மரை எவ்வளவு சுத்தமா ஏறுது, பாருங்க."

"ஏறும், ஏறும். சேறு பட்டா இறங்காது." ஹார்கர் ஸ்பிரிங்கை நகத்தால் அழுத்தினார். அது துள்ளி நிமிர்ந்தது. "இதெல்லாம் ஒரு ஸ்பிரிங்! பேனாவுலகூட இதைவிட நல்லது இருக்கும்."

ரப்பர் வளையத்தைத் தடவி மூக்கைச் சுளித்தார். எல்லாவற்றையும் மாட்டிக் காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே எதுவும் ஆடவில்லை. எரியவிட்டு வாளித் தண்ணீரில் முக்கினார். கல் மேல் தூக்கிப் போட்டார்.

"எரியுதே!" என்றார் நெவில்.

"இங்கே எரியும். உள்ளே போயி, கழுத்தளவு தண்ணியில நிக்கும்போது எரியுமா? கண்டவன் செஞ்ச உதிரியை நம்பி ஒரு உசிரை நான் அனுப்பணுமா? தேறாது. எடுத்துட்டுப் போ!"

யாரோ சிரித்தார்கள். ஜூடித் பல்லைக் கடித்தாள். "முழு டார்ச்சா ஒண்ணு வாங்குன்னு எத்தனை தடவை சொன்னேன்! காதுலயே வாங்கலையே நீ. மானம் போகுது."

"அம்மா, நீங்களாவது ஒரு தடவை பாருங்களேன்" என்று மன்றத் தலைவி மார்ஜரியிடம் கெஞ்சினார் நெவில்.

"ஹார்கர் சொன்னா சொன்னதுதான்" என்றாள் மார்ஜரி. "தள்ளின ஆளைத் தனியா மேலே விட்டுட்டுப் போகக் கூடாது, சோதிச்சவரே கூட இருக்கணும்ங்கறது நம்ம விதி. வழக்கம்போல நீங்க இருந்துக்கங்க, ஹார்கர்."

"எல்லாம் என் தலையெழுத்து" என்று பெருமூச்சு விட்டார் ஹார்கர்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஜூடித் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நெவிலுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இப்ப இங்கே யாருமில்லை. மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க, இதுல என்ன குறை?"

ஹார்கர் பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றினார். பாதி கீழே சிந்தியது.

"ஒரு குறையும் இல்லை. இந்த மன்றத்துலேயே இதுதான் நல்ல டார்ச்சு."

"அடப்பாவி மனுஷா! அப்புறம் எதுக்குய்யா என்னைத் தள்ளினே?"

ஹார்கர் குகை வாயை எட்டிப் பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் குளிரிலும் நெற்றி வேர்த்திருந்தது.

"உன்னை அனுப்பினா நானும்ல உள்ளே இறங்கணும்!"