கடைசித் துரையின் கையெழுத்து

"என்னைப் போய் வெள்ளைக்காரன் வேஷம் போடச் சொல்றீங்களே, நியாயமாம்மா? எங்க தாத்தா கள்ளுக்கடை மறியல்ல ஜெயிலுக்குப் போனவர்" என்றார் ராஜகோபாலன்.

ரோஹிணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவர் மறுத்துவிட்டால் திட்டம் அத்தனையும் பாழ்.

செம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் நாற்பத்தெட்டு வீடுகள் கொண்ட அந்த அடுக்ககத்தில் சங்கத் தலைவர் ராஜகோபாலன்தான். பதினாலு வருடமாக அவரேதான். ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து, வேறு யாராவது தலைவராக நிற்கிறீர்களா என்று கேட்டு, ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு முன்னால் ஒரு கையும் உயராது. சரி, நானே இருக்கிறேன் என்று உட்கார்ந்துவிடுவார்.

மொட்டை மாடிச் சாவி அவர் இடுப்பில். வடாம் காயப்போடக்கூட அவரிடம் கேட்டாக வேண்டும். தண்ணீர் லாரி ஒரு நாள் ஏ பிளாக்குக்கு, மறுநாள் பி பிளாக்குக்கு என்று முறை வைத்திருந்தார். அதனால் இரண்டு பிளாக்கும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டனவே தவிர, அவரை யாரும் முறைக்கவில்லை.

சேலையூரில் ஒரு பள்ளியில் வரலாறு நடத்தும் ரோஹிணி இங்கே குடிவந்து எட்டு மாதம்தான் ஆகிறது. பிரித்தாளும் சூழ்ச்சி என்றால் என்னவென்று அவளுக்குப் பாடம் எடுக்க வேண்டுமா? இந்த ஆட்சியை முடித்துவைத்துவிட்டுத்தான் மறுவேலை என்று சபதமே எடுத்துவிட்டாள்.

வழியும் அகப்பட்டது, சுதந்திர தின நாடகம். கடைசிக் காட்சியில் வெள்ளைக்காரத் துரை ஆட்சியை ஒப்படைத்துக் கையெழுத்துப் போடுவார். ராஜகோபாலன் துரை, ரோஹிணி இந்தியத் தலைவி. நாடகத்தில் எல்லாம் பொய், அந்தக் காகிதம் மட்டும் நிஜம். தலைவர் பதவியை ராஜினாமா செய்து, பொறுப்பு அனைத்தையும் ரோஹிணியிடம் ஒப்படைக்கிறேன் என்ற கடிதம். மூன்றாம் மாடி ஷ்யாம்சுந்தர் அதை டைப் அடித்து, அவள் அவரிடம் கேட்க வந்த அன்று காலைதான் சங்க அறைப் பிரிண்டரில் எடுத்துக் கொடுத்திருந்தான். கேளம்பாக்கத்தில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன். அந்த அரதப் பழசு மெஷினோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டினான்.

"கோட்டு, தொப்பி, ஏழு மெடல், எல்லாம் உண்டு சார்" என்று ஆசை காட்டினாள் ரோஹிணி. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார் அவர்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவரே வந்து கதவைத் தட்டினார்.

"துரை ரெடிம்மா. ஒத்திகை எப்போ?"

"மெடலுக்கு மயங்கிட்டார்டா" என்று ஷ்யாம்சுந்தரிடம் சொல்லிச் சிரித்தாள் ரோஹிணி. அவன் சிரிப்பில் சேரவில்லை. "படிச்சுப் பார்த்துட்டா என்னக்கா பண்றது?" என்றான். மெடல் குத்திய கோட்டைப் போட்டுக்கொண்டு எந்த மனுஷன் கீழே குனிந்து படிப்பான் என்றாள் அவள்.

ஆகஸ்ட் பதினைந்து சாயங்காலம். கார் நிறுத்துமிடத்தில் மேடை. ஏ பிளாக் இடப்பக்கம், பி பிளாக் வலப்பக்கம், நடுவே இரு நாடுகளின் எல்லை போல ஒரு வழி. ராஜகோபாலன் வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். வசனத்தில் ஒரு சொல் பிசகவில்லை. "உங்கள் தேசத்தை உங்களிடமே விட்டுச் செல்கிறேன். பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றபோது அவர் குரல் தழுதழுத்தது. ரோஹிணிக்கே ஒரு நிமிடம் பாவமாக இருந்தது. ஆனாலும் காகிதத்தை நீட்டினாள்.

படிக்கவே இல்லை. சரசரவென்று கையெழுத்துப் போட்டார். அதோடு விட்டாரா, கோட்டுப் பையிலிருந்து சங்கத்தின் முத்திரையை எடுத்து நச்சென்று குத்தினார். அவள் கனவில்கூட எதிர்பார்க்காத அதிர்ஷ்டம் இது. அப்புறம் கீழே ஏதோ ஒரு வரி எழுதிப் பேனாவை அவளிடம் கொடுத்தார்.

"வாங்கிக்கிறவங்களும் போடணும்மா. ஒரு கை தட்டினா ஓசை வருமா?"

நாடகத்தில் இல்லாத வசனம். அதனால் என்ன, சந்தோஷத்தில் மிதந்தவள் அப்படியே போட்டாள். மைக்கைப் பிடுங்கினாள். இது நாடகமில்லை, இது நிஜ ராஜினாமா, இனிமேல் தலைவர் நான்தான் என்று மூச்சுவிடாமல் அறிவித்தாள்.

நாற்பத்தெட்டு வீடும் எழுந்து நின்று விசிலடித்தது. ஏ பிளாக்கும் பி பிளாக்கும் கட்டிப்பிடித்துக்கொண்டன. ரோஹிணிக்குக் கண்ணில் நீர் முட்டியது. எத்தனை வருடத்து விடுதலை தாகம்!

எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டியவர் ராஜகோபாலன். அப்போதுதான் அவளுக்கு லேசாக உறைத்தது. காகிதத்தைப் பார்த்தாள். அவர் கையால் எழுதிய வரி: 'இப்பொறுப்பை ஐந்து வருடங்களுக்கு மனமுவந்து ஏற்கிறேன். இடையில் விலக மாட்டேன்.' அதன் கீழே அவளுடைய அழகான கையெழுத்து.

ராஜகோபாலன் சாவிக்கொத்தையும் சங்கத்து ஃபோனையும் அவள் கையில் திணித்தார். ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது, லாரிக்காரர். துரையோ கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கு வெளியே நின்ற டாக்ஸியில் போய் ஏறிக்கொண்டார். டிக்கியில் நான்கு பெட்டிகள்.

அவர் மனைவி ஞானாம்பாள் ஓடிவந்து ரோஹிணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ நல்லா இருக்கணும்மா. லண்டன்ல இருக்கற பொண்ணு கூப்பிடாத வருஷமில்லை. இந்தப் பதவியை வாங்கிக்க ஒரு ஆள் அகப்படலியே, எப்படிப் போறது? உங்க பேப்பர் ஒண்ணு பிரிண்டர்ல சிக்கியிருந்ததைப் பார்த்தார் பாரு, அன்னிக்கு சாயங்காலமே டிக்கெட் போட்டுட்டார்."