முகட்டில் எரியும் லைட்டு

பொங்கலன்று இருட்டி வரும் நேரத்தில், கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் என்னும் வரிசை வீடுகளின் வாசலில் நின்றபடி தவமலர் எதிர்மலையையே பார்க்கிறாள். அங்கே முகட்டில் அவர்களுடைய புது வீடு இருக்கிறது. முதன்முதலாக லைட்டுப் போட்டுக் காட்டுகிறேன் என்று புருஷன் லிங்கேஸ்வரன் ஏறிப் போயிருக்கிறான். பனிமூட்டம் விலக, மலை விளிம்பில் மஞ்சளும் வெள்ளையும் கலந்த வெளிச்சமொன்று மினுங்குகிறது. "போட்டுட்டாரு!" என்று அவள் கைதட்ட, லயத்துப் பிள்ளைகள் தகரத்தை அடித்துக் கூத்தாடுகிறார்கள். தங்கை ஷாமிலா வானத்தில் இருப்பதைப் பெயர் சொல்லிக் காட்டும் ஆப்பைத் திறந்து, போனை வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள். "அக்கா, அது நட்சத்திரம். புரோசியனாம். சிறுநாய்க் கூட்டத்துல இருக்காம்." "நாயாவது நரியாவது! எங்க வீட்டு லைட்டுடி அது." ஆனால் வெளிச்சம் முகட்டை விட்டு ஒரு விரற்கடை மேலே ஏறிவிடுகிறது. தட்டிய கைகள் அப்படியே நின்றுபோகின்றன. அப்போது அவளுடைய போன் அடிக்கிறது. "வயரு கழண்டு கெடந்துச்சு மலரு, இப்பதான் மாட்டுனேன். பாரு!" நட்சத்திரத்துக்கு நேர் கீழே, அதே நிறத்தில் இன்னொன்று பளிச்சென்று எரிகிறது. "தெரியுதா?" "தெரியுதுங்க. அணைச்சுட்டு இன்னொருக்கா போடுங்க." "எதுக்கு?" "நம்மளுதுதானான்னு பாக்கணும்." மேலே இருப்பது அப்படியே இருக்கிறது. கீழே இருப்பது அணைந்து, அவள் சொன்னபடியே மறுபடியும் எரிகிறது.