மூன்றாவது ஊசி

"புக்கோவுக்குத் தடுப்பூசி போட்டு ஒரு வாரம்தான் ஆகுது. நடுவுல ஒரு தடவை போயிட்டு வந்தே. இன்னிக்கு மறுபடியுமா?" என்றாள் ரோவெனா.

"பூஸ்டர்! மூணாம் நாள் ஒண்ணு, ஏழாம் நாள் ஒண்ணு" என்றபடி நாய்க்குட்டியைக் கூடையில் வைத்துக்கொண்டு கிளம்பினான் டெல்ஃபின்.

ரோவெனாவுக்கு வயிறு எரிந்தது. கால்நடை டாக்டர் லிகாயா இலோயிலோ நகரத்திலேயே அழகி, கல்யாணமும் ஆகாதவள். ரோவெனா வாடகை ட்ரைசிகிள் ஒன்றைப் பிடித்து நேராக அவள் கிளினிக்கில் போய் நின்றாள்.

"ஏழாம் நாள் பூஸ்டர்னு வந்தாரே, எங்கே என் புருஷன்?"

"இங்க வரலையே அக்கா. குட்டிக்கு அடுத்த ஊசி மூணு வாரம் கழிச்சுதான்" என்ற லிகாயா சற்றுத் தயங்கினாள். "மூணாம் நாள், ஏழாம் நாள்னு போடறது நாய்க்கு இல்லை. நாய் கடிச்ச மனுஷங்களுக்கு."

ரோவெனா சுகாதார நிலையத்துக்கு ஓடினாள். டெல்ஃபின் சட்டைக் கையை மடித்துவிட்டு, ஊசி போடும் நர்ஸின் முன்னால் வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

"ஏன்யா மறைச்சே?"

"விளையாடறப்போ பல்லு பட்டுடுச்சு. சொன்னா புக்கோவைத் துரத்திடுவியோன்னு பயம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, குட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள் ரோவெனா.

"இன்னும் எத்தனை ஊசி?"

"இன்னிக்குப் போக ரெண்டு."

"ரெண்டுக்கும் நானும் வரேன். இந்த நர்ஸு உன்னைப் பார்த்து ரொம்பத்தான் சிரிக்கிறா."