மாற்றிக் கொடுத்த காலிங் பெல்

“கன்ஸ்யூமர் கோர்ட்டு எங்க இருக்குதுன்னு எனக்கும் தெரியும்மா” என்றபடி காலிங் பெல்லையும் பில்லையும் வாரண்டி அட்டையையும் மேசைமேல் வைத்தார் சடையப்பன்.

மந்தாரக்குப்பம் கடைவீதியில் சின்னதாக எலக்ட்ரிகல் கடை நடத்தும் சித்தீகாவுக்கு அவரைத் தெரியும். மைன்ஸில் யூனியன் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிவிட்டு, பக்கத்துத் தெருவில் தனியாக வாடகைக்கு இருக்கிறார். லேசில் விட மாட்டார்.

“பெல்லுல என்ன கோளாறு சார்?”

“தானா அடிக்குது. பனியனோட இருக்கமேன்னு சட்டையப் போட்டுக்கினு, வந்தவங்க உக்கார ஃபேனுக்கு நேரா சேரை இழுத்துப் போட்டுட்டு, ஓடிப்போயி கதவத் தொறந்தா வாசல்ல ஒரு ஆளு இல்ல. ஒரு நாள் இல்ல, தெனமும் இதே கதைதான்.”

“ரிப்பேர் பண்ணித் தரட்டுங்களா?”

“அதெல்லாம் வேணாம். வாங்கின பொருள் சரியில்லன்னா மாத்திக் கேக்க எனக்கு உரிமை இருக்கு.”

சித்தீகா பெல்லைத் திருப்பிப் பார்த்தாள். சட்டென்று விஷயம் பிடிபட்டது.

“சார், உங்க எதிர் வூட்லயும் இதே பெல்லுதான் வாங்கிட்டுப் போனாங்க. வயர் இல்லாத பெல்லு, ரெண்டுக்கும் ஒரே சிக்னல். அங்க யாரு அமுக்கினாலும் உங்க வூட்லயும் அடிக்கும். பெல்லு மேல தப்பு இல்ல.”

அவர் முகம் என்னவோ போலானது.

“அப்ப அத்தன பேரும் அவங்க வூட்டுக்கு வந்தவங்களா?”

“ஆமாங்க.”

வேறொரு கம்பெனி பெல்லை எடுத்து, அடித்துக் காட்டி, புது வாரண்டியும் போட்டுக் கொடுத்தாள். ஜெயித்த ஆள் மாதிரி இல்லாமல் வாங்கிக்கொண்டு போனார் சடையப்பன்.

அடுத்த வாரமே அந்தப் புது பெல்லோடு வந்து நின்றார். இந்தத் தடவை கையில் பில் இல்லை. குரலும் ஏறவில்லை.

“இது அடிக்கவே மாட்டேங்குதும்மா.”

சித்தீகா ஸ்விட்சை அமுக்கினாள். கடை முழுக்கக் கணீரென்று கேட்டது. வெளியே போய் நின்றும் அமுக்கிப் பார்த்தாள். அப்போதும் அடித்தது.

“நல்லாத்தானே சார் இருக்கு. யாராச்சும் வந்து அமுக்கி, அடிக்காமப் போச்சா?”

சடையப்பன் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஷிப்ட் முடிந்தவர்களை இறக்கிவிட்டுப் போகும் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பழச கம்பெனிக்கு அனுப்பிட்டியா?”

“இல்லீங்க, இங்கதான் கெடக்குது. ஆனா அதுல எதிர் வூட்டுக்கு வர்றவங்கதானே அடிப்பாங்க?”

“தெரியும்மா. அதையே குடு.”