குடைக்கு அனுமதி இல்லை

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், திருமதி ஹில்டா ஹார்கிரேவின் தோட்டத்துக்குள், வானமே இடிந்து விழுந்தாலும் குடைக்கு அனுமதி இல்லை.

அன்று விழுந்தது மழைதான். ஊர் ஊராகத் தோட்டம் பார்க்கக் கிளம்பியிருந்த ஒரு பஸ் கூட்டம், வாசலில் குடைகளை ஒப்படைத்துவிட்டுச் சொட்டச் சொட்ட நனைந்தது.

"பாவம் ஹில்டா, அவங்களுக்கு ஜன்னி வந்துடப்போகுது," என்றார் கணவர் கிளைவ்.

"வரட்டுமே! அத்தனையும் திருட்டுக் கும்பல். இந்தக் கருஞ்சிவப்பு ரோஜா யார்க்‌ஷயர்லயே என்கிட்ட மட்டும்தான் இருக்கு. ஒரு குச்சி வெளிய போனா, அப்புறம் வீட்டுக்கு வீடு பூக்கும்!"

அப்போது டோரீன் என்ற கிழவி தோட்டத்திலிருந்து திரும்பினாள். மூட்டுவலி என்று சொல்லிக் குடையை ஊன்றியபடியே உள்ளே போனவள் அவள் ஒருத்திதான். ஹில்டா பாய்ந்து அதைப் பிடுங்கி விரித்தாள். ஈரத்துணி சுற்றிய ரோஜாக் குச்சி ஒன்று புல்லில் விழுந்தது.

"வெக்கமா இல்ல? இந்த வயசுல திருட்டு! கிளைவ், போலீஸைக் கூப்பிடுங்க!"

டோரீன் அசரவில்லை. "கூப்பிடுங்க தம்பி. என் வீட்டு ரோஜா இந்த வருஷப் பனியில பட்டுப்போச்சு. அதோட பிள்ளையைக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

"என்ன உளறுறே?"

"மூணு வருஷம் முன்னாடி என் தோட்டத்தைப் பார்க்க வந்தியேம்மா... மண்டையைப் பிளக்கிற வெயில்ல, கையில மடிச்ச குடையோட?"

கிளைவ் குனிந்து குச்சியை எடுத்து, டோரீனின் குடைக்குள் பத்திரமாக வைத்துக் கொடுத்தார்.

ஹில்டாவின் தோட்டத்துக்குள் இப்போது குடைக்கு அனுமதி உண்டு.