ஒன்றரைக் கட்டை

"என் பேர் ஸ்மராண்டா. வயசு ஐம்பத்தெட்டு. இருக்கிறது இதே பிரெய்லா ஊர்ல, ஆத்தங்கரைத் தெரு. முப்பது வருஷமா பாடுறது அதே ஆறு கட்டை, போடுறது அதே உடுப்பு சைஸ். பின்னாடி கேக்குதா, இல்ல கத்தணுமா?"

"எல்லாம் கேக்குது அக்கா. உடுப்பு சைஸ் மட்டும் சரியா விழல," என்றார் கடைசி வரிசையில் ஒலிப்பெட்டி முன் உட்கார்ந்திருந்தவர்.

ஸ்மராண்டா மைக்கிலேயே சிரித்தாள். அரங்கம் முழுக்க அந்தச் சிரிப்பு சுற்றி வந்தது.

பக்கவாட்டுக் கதவு வழியாக டோரு தன் டிஜிட்டல் பியானோவை முதுகில் சுமந்துகொண்டு வந்தான். பத்தொன்பது வயதில் அவளுக்கு வாசிக்க வந்தவன். இப்போது நாற்பத்தொன்பது. உறையோடு இருபத்திரண்டு கிலோ, இந்தப் பியானோ.

"அதை வண்டியிலேயே வச்சிடுங்க," என்றாள் அரங்கத்தின் நிர்வாகி பெத்ரோனெலா. "இன்னிக்கு நம்ம பெரிய பியானோதான். நேத்துதான் ஆள் வந்து சுருதி கூட்டிட்டுப் போனார். ஏழு மணிக்கு ரேடியோவுல நேரடியா போகுது. இவ்வளவு பெரிய மேடையில ஒயர் சொருகின பலகையா?"

"பலகை இல்ல மேடம்."

"சரி, பலகை இல்ல. ஆனா வண்டியில வைங்க."

டோரு சுமையை இறக்காமல் அங்கேயே நின்றான்.

அவன் பியானோவில் ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கினால் விரல்கள் பழைய இடத்திலேயே ஓடும், சுருதி மட்டும் இறங்கி ஒலிக்கும். ஆறு வருடத்துக்கு முன் ஒரு கல்யாணத்தில், கடைசிப் பாட்டின் உச்சியில், ஸ்மராண்டாவின் குரல் உடைந்தது. இரண்டு நாள் அவள் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள், பாடுவதையே விட்டுவிடப் போகிறேன் என்றாள். அடுத்த கல்யாணத்தில் டோரு யாருக்கும் தெரியாமல் அரைக் கட்டை இறக்கினான். "பாத்தியா, ரெண்டு நாள் வாயை மூடினேன், குரல் திரும்பி வந்துடுச்சு," என்றாள் அவள். அதற்கப்புறம் இன்னொரு அரை. போன குளிர்காலத்தில் மற்றொன்று. ஆக ஒன்றரைக் கட்டை. பட்டனில் எரியும் சின்ன விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருந்தான்.

பெரிய பியானோவில் அமுக்க எதுவும் கிடையாது. கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்தக் கட்டையிலும் வாசிக்கக்கூடியவன் டோரு. அவளிடம் அதைக் காட்ட வேண்டிய அவசியம் முப்பது வருடத்தில் வந்ததில்லை, அவ்வளவுதான். ஆனால் ஸ்மராண்டா அவன் தோளருகே நின்று, இடது கை எங்கே விழுகிறது என்று பார்த்துத்தான் பாட்டைத் தொடங்குவாள். கை இடம் மாறினால் அவளுக்குத் தெரிந்துவிடும். மாறாவிட்டால், ஊர் முன்னாடி, ரேடியோவில், குரல் உடையும்.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" எள்ளு ரொட்டியைக் கடித்தபடி ஸ்மராண்டா வந்தாள்.

"அக்கா, அந்தப் பெரிய பியானோ வேண்டாம். நீங்க சொன்னா கேப்பாங்க."

"ஏன், அதுலயும் கறுப்பும் வெள்ளையும்தானே இருக்கு?"

"விரலுக்குக் கனமா இருக்கும்."

"இருபத்திரண்டு கிலோவ மூணு மாடி ஏத்துறவனுக்கு விரலுக்குக் கனமா?"

"பெடல் வேற பழக்கமில்ல."

"கால் அதே கால்தானே? போன மாசம் மாத்தினியா?"

டோரு தலையைக் குனிந்துகொண்டான்.

"உண்மையச் சொல்றேன் அக்கா. என் பியானோ இல்லாம எனக்கு வாசிக்க வராது."

இப்படி ஒரு பொய்யை அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு மாதத்துக்காவது கிண்டல் செய்வாள் என்று காத்திருந்தான். அவள் செய்யவில்லை. விரலில் ஒட்டிய எள்ளைத் தட்டிவிட்டாள்.

"சரி, போய் காபி குடிச்சிட்டு வா. நான் பேசிக்கறேன். இந்த ஊர்ல எனக்கு முடியாதுன்னு சொல்ற ஆள் இனிமேத்தான் பொறக்கணும்."

நடைபாதையில் மெஷினில் காபி பிடித்தான். குடிக்க முடியவில்லை. பெத்ரோனெலா இறங்கி வர மாட்டாள். அப்படியானால் மிச்சம் இருப்பது ஒரே வழி. ஊர் வாயால் தெரிவதைவிட, தன் வாயால் அவளுக்குத் தெரியட்டும். இன்றோடு தன்னை விரட்டினாலும் சரி. காபியை அப்படியே ஜன்னலோரம் வைத்துவிட்டுத் திரும்பினான்.

மேடைத் திரையை விலக்கக் கை வைத்தபோது உள்ளே பேச்சுக் குரல்.

"ரேடியோக்காரங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? ஒரு காரணம் வேணும்ல?" இது பெத்ரோனெலா.

"காரணம் என் குரல்னு சொல்லு. வேணும்னா எழுதியே தரேன். என்னால இப்ப ஆறு கட்டை முடியாது, நாலரைதான்." ஸ்மராண்டாவின் குரலில் துளி நடுக்கமில்லை. "ஆறு வருஷமா டோரு ஒரு பட்டனை அமுக்கி, இறக்கித்தான் வாசிக்கறான். என் தொண்டை எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியாதா?"

டோருவின் கை திரையிலேயே நின்றது.

"இவ்வளவுதானா? அப்ப பெரிய பியானோவுலயே நாலரைக் கட்டையில வாசிக்கச் சொல்லுங்களேன்."

"அங்கதாம்மா சிக்கல்." ஸ்மராண்டா குரலைத் தாழ்த்தினாள். "அந்த ஆறு கட்டை ஒண்ணுல மட்டும்தான் அவனுக்குக் கை ஓடும், பாவம். அதை மறைக்கத்தான் அந்தப் பட்டன். எனக்குத் தெரியும்னு அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதே."