செங்கிடா போட்ட லாரிப் பட்டை

செங்கிடா என்ற பழைய பந்தயக் காருக்கு எஞ்சின் இன்னும் புலி மாதிரி உறுமும். பின்பக்கம் மட்டும் தரை தட்டும். பின்சக்கரத்துக்கு மேலிருந்து பாரத்தையும் குலுக்கலையும் தாங்கும் கமான் பட்டைகள் தளர்ந்துபோனதால், புதுசு தேடி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது.

சுவரில் தொங்கிய மெல்லிய கார் பட்டை கேட்டது: "அண்ணே, இப்போ என்ன ஓட்டம் ஓடுறீங்க?"

"கல்யாண ஊர்வலம்," என்றது செங்கிடா, குரலைத் தாழ்த்தி.

"அப்போ நானே போதும்ணே. பொண்ணு மாப்பிள்ளை அலுங்காம போவாங்க."

செங்கிடாவுக்குச் சுருக்கென்றது. அதற்குள் மூலையில் கிடந்த லாரிப் பட்டை, "நான் பத்து டன் தாங்குவேன்!" என்று முழங்கியது. செங்கிடா அதையே போட்டுக்கொண்டது. பின்பக்கம் ஜம்மென்று தூக்கிக்கொண்டு நின்றது. முகப்பு விளக்குதான் தரையில் எறும்பைத் தேடியது.

முதல் ஊர்வலத்தில், முதல் வேகத்தடையிலேயே, மாப்பிள்ளையின் தலை கூரையில் மோதி, தலைப்பாகை மூக்குவரை இறங்கியது.

"கொஞ்சம் வளைஞ்சு கொடேன்ப்பா," என்று கெஞ்சியது செங்கிடா.

"வளையலாமே. பாரம் எங்கே?" என்றது லாரிப் பட்டை.

மறுநாள் செங்கிடா தன் டிக்கியில் மணல் மூட்டைகளை ஏற்றச் சொன்னது. ஒவ்வொரு மூட்டைக்கும் பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, கடைசியில் பழையபடி தரை தட்டியது. எஞ்சினுக்கு மூச்சு வாங்கியது.

அப்படியே உரசிக்கொண்டு ஒர்க்‌ஷாப் வாசலைக் கடந்தபோது, சுவரில் தொங்கிய கார் பட்டையைப் பார்த்துச் செங்கிடா ஹாரன் அடித்தது.

"பார்த்தியா தம்பி, எவ்வளவு மெத்துன்னு போறேன்! பத்து டன் பட்டைன்னா சும்மாவா?"